ஜனங்களின் பெயரால்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அரசியல் எதற்கு என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: கதாநாயகர்களை உற்பத்தி செய்வது என் தொழில். அந்தச் சரக்கு எப்படித் தயாராகிறது, அதில் என்னென்ன கலப்படம் நடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே, ஒரு தேசம் தனக்கு ஒரு கதாநாயகனைத் தேடிப்பிடித்து நாற்காலியில் உட்கார்த்தி வைக்கும்போது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

சென்ற மாதம் ஒரு மாலையில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய மாப்பிள்ளை, படித்த இளைஞர். பேச்சு எங்கெங்கோ சுற்றி அரசியலுக்கு வந்தது. மாமனார் பெருமூச்சு விட்டார்.

"வயது வந்தவனுக்கெல்லாம் வோட்டு என்று என்றைக்குக் கொடுத்தார்களோ, சார், அன்றைக்கே எல்லாம் கெட்டுப்போச்சு. பாமரனுக்கு என்ன தெரியும்?"

மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க, மாமா. ஜனங்கள் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அவரை வேலை செய்ய விடவேண்டும். கோர்ட்டு ஒரு பக்கம், பார்லிமெண்டு ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம் என்று காலை இழுத்தால் என்ன நடக்கும்?"

இருவரும் வெகுநேரம் சண்டை போட்டுக்கொண்டார்கள். காப்பி ஆறிப்போயிற்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கோ, இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் இரண்டு முனைகளிலிருந்து செய்கிறார்கள் என்று பட்டது. அன்று சொல்ல வாய்க்காததை இங்கே சொல்லுகிறேன். உதாரணத்துக்கு அமெரிக்கா போகிறேன். நம் ஊர் உதாரணம் சொன்னால், விஷயத்தை விட்டுவிட்டு நான் எந்தக் கட்சி என்று ஆராயத் தொடங்கிவிடுவீர்கள். ஆண்ட்ரூ ஜாக்ஸன் 1845-ல் இறந்து போனவர். அவருக்காக யாரும் என் வீட்டு ஜன்னலில் கல்லெறிய மாட்டார்கள்.

இப்படி ஒரு கதாநாயகன் கிடைத்தால் எந்தக் கதாசிரியனும் விடமாட்டான். பிறப்பதற்கு முன்பே தகப்பனை இழந்தவர் ஜாக்ஸன். பதினாலு வயதில், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். ஓர் அதிகாரி தன் பூட்ஸைத் துடைக்கச் சொன்னான். பையன் மறுத்தான். அதிகாரி வாளை வீசினான். தலையிலும் கையிலும் வெட்டு விழுந்தது. அந்த வடுக்கள் சாகிறவரைக்கும் மறையவில்லை. அதே 1781-ல் தாயும் போய்விட்டாள். அநாதைப் பையன் சட்டம் படித்து வக்கீலானான், டென்னஸிக் காட்டுப் பிரதேசத்தில் நிலம் சேர்த்தான், படைத்தலைவன் ஆனான். 1815 ஜனவரி 8-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு வெளியே பிரிட்டிஷ் படையை முறியடித்தான். எதிரிகள் தரப்பில் 2,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். இவன் பக்கத்தில் நஷ்டம் சொற்பம். ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை இரண்டு வாரத்துக்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது. சேதிதான் கடல் தாண்டி வந்து சேரவில்லை. அதனால் என்ன? வெற்றி வெற்றிதானே!

இங்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கதை எழுதுகிறவன் கைதேர்ந்தவனாக இருந்தால் இதை விட்டுவிடுவான். போர் முடிந்த பிறகும் ஜாக்ஸன் அந்த நகரத்தில் ராணுவச் சட்டத்தை விலக்கவில்லை. அதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதிய ஒரு சட்டசபை அங்கத்தினரைச் சிறையில் போட்டார். அவரை விடுதலை செய்யச் சொன்ன நீதிபதியையும் பிடித்து அடைத்து, பிறகு ஊருக்கு வெளியே அனுப்பினார். சமாதானச் சேதி வந்ததும் நீதிபதி திரும்பி வந்து, தளபதிக்கு 1,000 டாலர் அபராதம் விதித்தார். தளபதி கட்டினார். ஜனங்களோ தளபதிக்குத்தான் ஜே போட்டார்கள். 1844-ல் அமெரிக்கக் காங்கிரஸ் - அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்கு அதுதான் பெயர் - அந்த அபராதத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. கதாநாயகனிடம் அபராதம் வாங்கியதற்காக ஒரு தேசம் கேட்டுக்கொண்ட மன்னிப்பு அது.

இனி அரசியலுக்கு வருவோம். 1789-ல் புது அரசியல் சட்டத்தின்படி நடக்கத் தொடங்கிய குடியரசு அது. முதல் ஆறு ஜனாதிபதிகளில் நாலு பேர் வர்ஜீனியாப் பண்ணை முதலாளிகள்; மற்ற இருவர் மாஸாசூஸெட்ஸ் ஆடம்ஸ் குடும்பத்துத் தகப்பனும் பிள்ளையும். சொத்து இருப்பவனுக்குத்தான் வோட்டு என்பது பல மாநிலங்களில் வழக்கமாக இருந்தது. 1824-ல்கூட 24 மாநிலங்களில் ஆறில் ஜனாதிபதிக்கான தேர்வாளர்களைச் சட்டசபைகளே நியமித்தன, ஜனங்களைக் கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் ஜாக்ஸனுக்கு 99 தேர்வாளர் வோட்டு. ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று. சபாநாயகர் ஹென்றி கிளே ஆடம்ஸை ஆதரித்தார், ஆடம்ஸ் ஜெயித்தார், ஜெயித்தவர் கிளேயை வெளிநாட்டு மந்திரி ஆக்கினார். அது பேரமோ இல்லையோ, பேரம் மாதிரி நாறியது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

நாலு வருஷத்தில் வோட்டுப் போட்டவர்கள் மூன்றரை லட்சம் சொச்சத்திலிருந்து 11 லட்சத்துக்கு மேல் ஏறினார்கள். 1828-ல் ஜாக்ஸனுக்கு 178, ஆடம்ஸுக்கு 83. 1829 மார்ச் 4-ம் தேதி பதவிப் பிரமாணம் முடிந்ததும் வெள்ளை மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. சேற்றுப் பூட்ஸோடு பட்டு நாற்காலிகளின் மேல் ஏறி நின்று, புது ஜனாதிபதியை எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பாத்திரங்கள் நொறுங்கின. நெரிசல் தாங்காமல் ஜனாதிபதியே தப்பித்து ஹோட்டலுக்குப் போகவேண்டியதாயிற்று. கடைசியில் மதுத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

மாமனார் வகையறாக்கள் இந்தக் காட்சியைத்தான் விடாமல் சொல்லுவார்கள். "பார்த்தீர்களா, ஜனநாயகம் என்றால் சேற்றுக்கால்!" என்பார்கள். நான் அந்தச் சேற்றுக்கால்களின் கட்சி. அந்த நாற்காலிக்குப் பட்டு வாங்கியது யார் பணம்? நாற்பது வருஷமாக வாசலில் நின்றவன் ஒரு நாள் கூடத்துக்குள் வந்தால், கால் கழுவிக்கொண்டு வந்தானா என்பதா முதல் கேள்வி? அந்தக் கூட்டம் உடைத்தது கொஞ்சம் கண்ணாடி. கண்ணாடி மறுபடியும் வாங்கலாம். அப்புறம் உடைந்தவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது; அவற்றை உடைத்தவர்கள் கால் கழுவிய கனவான்கள்.

அந்த உடைப்பு ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. 'ஜனங்களின் நேரடிப் பிரதிநிதி நான்' என்பது ஜாக்ஸனின் வாதம். 1834-ல் செனட் சபைக்கு அனுப்பிய ஆட்சேபத்தில் அதை எழுதியே வைத்தார். பார்ப்பதற்கு எவ்வளவு அடக்கமான வாக்கியம்! 'நான் ஒன்றும் இல்லை, நீங்கள்தான் எல்லாம்' என்று கும்பிடுவது போல இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், காங்கிரஸில் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பேர் யாருக்குப் பிரதிநிதிகள்? நீதிபதி யாருடைய சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? எல்லாரும் ஜனங்களுக்கு அந்நியர்களாகிவிடுகிறார்கள். 'நான் ஜனங்கள்' என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவரை மறுத்துப் பேசுகிறவன் ஜனத்துரோகி.

பாங்கி விவகாரத்தைப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஒரு பெரிய பாங்கி. சர்க்கார் பணமெல்லாம் அதில் இருந்தது; லாபம் பெரும்பாலும் தனியார் கைகளுக்குப் போயிற்று. 1832-ல் காங்கிரஸ் அதன் உரிமையைப் புதுப்பித்தபோது ஜாக்ஸன் மறுத்துவிட்டார். பணக்காரர்களும் வல்லவர்களும் சர்க்காரைத் தங்கள் காரியத்துக்கு வளைக்கிறார்கள் என்று எழுதினார். அதில் பாதிக்கு மேல் உண்மை. மறுக்கும் உரிமையும் அவருக்குச் சட்டப்படி உண்டு. அவருக்கு முன்னிருந்த ஆறு ஜனாதிபதிகளும் சேர்ந்து பத்து மசோதாக்களைத்தான் மறுத்திருந்தார்கள். இவர் ஒருவரே பன்னிரண்டை மறுத்தார். அதுவும் போகட்டும். பாங்கியின் பழைய உரிமை முடிய இன்னும் காலம் இருந்தது. சர்க்கார் பணத்தை அதிலிருந்து எடுக்கச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது நிதி மந்திரிக்கு. காங்கிரஸுக்குக் காரணம் சொல்ல வேண்டியவரும் அவரே. பணம் பத்திரமாக இருக்கிறது என்று பிரதிநிதிகள் சபை தீர்மானமே செய்திருந்தது. ஜாக்ஸன் பணத்தை எடுக்க நினைத்தார். இருந்த நிதி மந்திரி இசையவில்லை. அவரை வேறு இலாகாவுக்கு மாற்றினார். அடுத்து வந்த வில்லியம் டுவேன் முடியாது என்றார். 1833-ல் அவரை நீக்கினார். மூன்றாவதாக ரோஜர் டானி என்பவரை உட்கார்த்தினார். காரியம் நடந்தது.

தலையாட்டுகிற ஆள் கிடைக்கும்வரை மந்திரியை மாற்றிக்கொண்டே போகலாம் என்றால், மந்திரி எதற்கு? ஒரு ரப்பர் முத்திரை போதுமே! செனட் சபை 1834 மார்ச்சில் ஜனாதிபதியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அவருடைய கட்சிக்காரர்கள் விடவில்லை. 1837 ஜனவரியில், அவர் பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், செனட்டின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து வந்து, கண்டனத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு, நீக்கப்பட்டது என்று குறுக்கே எழுதினார்கள். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவது கதாசிரியனின் சலுகை. சட்டசபை அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் பாங்கியைப் பற்றிப் பேசினால் பணக்காரன் நஷ்டப்பட்ட கதை என்று மாப்பிள்ளை சொல்லுவார். ஏழைகள் நஷ்டப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தையும் அதை ஒட்டிய மலைகளையும் சேர்ந்த பூர்வகுடிகள் செரோக்கிகள். காட்டுமிராண்டிகள் என்று அவர்களைத் துரத்திவிட முடியாது. அந்தச் சாக்குக்கும் அவர்கள் இடம் வைக்கவில்லை. சீக்வோயா என்ற ஒரு செரோக்கி, 1821 வாக்கில் தன் மொழிக்குத் தானே எழுத்து உண்டாக்கிக் கொடுத்தார். 1827-ல் அவர்கள் எழுதப்பட்ட அரசியல் சட்டம் செய்துகொண்டார்கள். 1828-ல் சொந்த எழுத்தில் பத்திரிகை நடத்தினார்கள். 1814-ல் நடந்த ஒரு முக்கியமான சண்டையில் செரோக்கி வீரர்கள் ஜாக்ஸனின் பக்கத்தில் நின்று போரிட்டார்கள். பிறகு அவர்களுக்குத் தலைவரான ஜான் ராஸும் அந்தப் படையில் இருந்தவர்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு குற்றம்: நல்ல நிலம். பருத்திக்கு நிலம் வேண்டும் என்று வெள்ளைக் குடியானவர்கள் - ஜாக்ஸனின் ஜனங்கள் - கேட்டார்கள். 1829-ல் தங்கம் வேறு கிடைத்துவிட்டது. 1830-ல் பூர்வகுடிகளை மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே அப்புறப்படுத்தும் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்று தப்பிப் பிழைத்து நிறைவேறியது. வோட்டுரிமையே இல்லாத பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். டென்னஸிக்காரர் டேவி கிராக்கெட், ஜாக்ஸனைப் போலவே எல்லைப்புறத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், ஜாக்ஸனின் மாநிலத்திலிருந்தே வந்தவர், எதிர்த்து வோட்டுப் போட்டார். 1831 தேர்தலில் தோற்றார். பாமரனுக்கு என்ன தெரியும் என்று கேட்ட மாமனாருக்கு அந்தக் கிராக்கெட்டின் வோட்டைக் காட்டுகிறேன். ஜனங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்ற மாப்பிள்ளைக்கு அவருடைய தோல்வியைக் காட்டுகிறேன்.

1832 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஜார்ஜியா பொருட்படுத்தவில்லை. ஜனாதிபதியும் விரலை அசைக்கவில்லை. 'தீர்ப்புச் சொன்னவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்' என்று ஜாக்ஸன் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அவர் சொன்னதற்கு நம்பகமான சான்று இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது.

அதே வருஷம் நவம்பரில் தென் கரோலினா மாநிலம், தேசத்தின் சுங்கவரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. அப்போது இதே ஜாக்ஸன் சிங்கமாக எழுந்தார். ஒரு மாநிலம் தேசத்தின் சட்டத்தைத் தள்ள முடியாது என்று டிசம்பரில் பிரகடனம் செய்தார். சேனையைப் பிரயோகிக்கக் காங்கிரஸிடம் அதிகாரமும் வாங்கினார். தேசம் உடையாமல் காத்த அந்தக் காரியத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரே வருஷம். ஒரே ஜனாதிபதி. சுங்கவரிக்காக எழுந்த சிங்கம் செரோக்கிக்காக ஏன் எழவில்லை? சுங்கவரியை மீறினால் ஜனாதிபதிக்கு அவமானம். செரோக்கியின் நிலத்தைப் பறித்தால் வோட்டு. அவ்வளவுதான்.

1835-ல் செரோக்கிகளில் ஒரு சிறு கோஷ்டியைப் பிடித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இது எங்கள் ஒப்பந்தம் அல்ல என்று 15,000-க்கு மேற்பட்ட செரோக்கிகளின் பெயரோடு மனு போயிற்று. செனட் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தத்தை அங்கீகரித்தது. ஜாக்ஸன் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகு, அவர் தேர்ந்தெடுத்து விட்டுப்போன வாரிசு வான் பியூரனின் ஆட்சியில், 1838-ல் சிப்பாய்கள் வந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பட்டியில் அடைத்தார்கள். ஏறக்குறைய 16,000 பேரை மேற்கே கொண்டுபோனார்கள்; பலர் குளிர்காலத்தில் நடந்தே போனார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் செத்திருக்கக்கூடும் என்பது பொதுவான மதிப்பு. ராஸின் மனைவியும் அந்தப் பயணத்தில்தான் இறந்தாள்.

இத்தனையும் ஜனங்களின் பெயரால் நடந்தது. அப்படியானால் ஜனங்கள் என்றால் யார்? நான் கேட்க வந்த கேள்வி இது ஒன்றுதான். சொத்துக் கணக்குப் பார்க்காமல் வெள்ளை ஆண்களுக்கு வோட்டுக் கொடுத்த அதே காலத்தில், சுதந்திரமாக இருந்த கறுப்பர்களிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். நியூயார்க் 1821-ல் கறுப்பனுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. ஜாக்ஸனின் சொந்த டென்னஸி 1834-லும், வட கரோலினா 1835-லும், பென்ஸில்வேனியா 1838-லும் வோட்டைப் பறித்தன. ஜாக்ஸன் இறந்தபோது அவருடைய பண்ணையில் ஏறக்குறைய 150 அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் ஜனங்களில் சேர்த்தி இல்லை. நிதி மந்திரி வேலையில் தலையாட்டிய அந்த டானியை ஜாக்ஸன் பின்னால் தலைமை நீதிபதியாக்கினார். 1857-ல் அதே டானிதான், கறுப்பர்கள் அந்தத் தேசத்தின் பிரஜைகளாகவே முடியாது என்று தீர்ப்பு எழுதினார். தலையாட்டும் ஆளை ஒரு காரியத்துக்காகத் தேடுகிறோம். அவர் அந்த ஒரு காரியத்தோடு போவதில்லை.

இதைப் பார்த்து ஜாக்ஸனின் எதிரிகள் என்ன பாடம் கற்றார்கள் தெரியுமா? 1840-ல் அவர்கள் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் என்ற தளபதியை நிறுத்தினார்கள். வர்ஜீனியாவில் பெரிய பண்ணை மாளிகையில் பிறந்த மனிதர். அவரை மரக்கட்டைக் குடிசையில் வாழும் ஏழைப்பங்காளன் என்று வேஷம் கட்டி, குடிசைப் படத்தைச் சுமந்து, மதுவை ஊற்றி, பாட்டுப் பாடி ஜெயித்தார்கள். பதவியேற்ற ஒரே மாதத்தில் அவர் இறந்து போனார். வேஷம் மட்டும் சாகவில்லை. ஜாக்ஸனுக்காவது தழும்பு நிஜம்.

இப்போது என் விருந்தாளிகளிடம் திரும்புகிறேன்.

மாமனார் அவர்களே, செரோக்கிகளை விரட்டச் சொல்லிக் கேட்டவர்களில் சேற்றுக்கால் குடியானவன் மட்டுமா இருந்தான்? பருத்தி முதலாளியும் நில வியாபாரியும் வக்கீலும் செனட்டரும் இருந்தார்கள், எல்லாரும் படித்தவர்கள். எதிர்த்து மனுப் போட்டவர்களுக்கோ வோட்டே கிடையாது. வோட்டை எல்லாருக்கும் கொடுத்ததால் அல்ல, எல்லாருக்கும் கொடுக்காததால் வந்த கேடு அது.

தம்பி, உனக்கும் ஒன்று சொல்லுகிறேன். கோர்ட்டும் சட்டசபையும் பத்திரிகையும் காலை இழுக்கின்றன என்றாயே, அவை இழுப்பது யாருடைய கால்? மற்றவன் வீட்டுக்குள் நுழையத் தூக்கிய கால். நம் கதாநாயகன் ஓடும்போது அது தடையாகத் தெரிகிறது. அவனுடைய ஜனங்களின் கணக்கில் நாம் சேர்த்தி இல்லை என்று தெரியும் நாளில், அந்தத் தடை ஒன்றுதான் நமக்குக் கதவு. செரோக்கி கோர்ட்டுக்குப் போனான்; ஜெயித்தான்; கதவைத்தான் காணவில்லை. வோட்டு என்பது ஒருவனை வேலைக்கு வைக்கிற சீட்டு. வீட்டை எழுதிக் கொடுக்கிற பத்திரமாக அதை ஆக்கிவிடாதே.

என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஒரே ஒருவன் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிடுவான் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற கதாசிரியர்கள்தாம். கதையில் கதாநாயகன் குதிரையில் வரும்போது, அவன் மிதித்துக்கொண்டு வந்த வயல் யாருடையது என்று நாங்கள் எழுதுவதில்லை. எழுதினால் கதை சுவைக்காது. 1928 முதல் அமெரிக்க 20 டாலர் நோட்டில் ஜாக்ஸனின் முகம் அச்சாகி வருகிறது. கம்பீரமான முகம், பறக்கும் தலைமயிர். எந்தக் கதைப் புத்தகத்துக்கும் அட்டைப்படமாகப் போடலாம். அடுத்த தடவை யாராவது உங்கள் முன்னால் நின்று, 'நான் பேசுவது ஜனங்களின் குரல்' என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன் அந்த ஜனங்களின் ஜாபிதாவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். யார் பெயர் இல்லை என்று பாருங்கள்.